எந்தக் கள்ளி என்று கேளுங்கள்

 

ரோஜாவைப் பற்றிப் பேச அழைப்பார்கள். தாமரையைப் பற்றிப் பேச அழைப்பார்கள். முள்ளைப் பற்றிப் பேச ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தந்த இந்த அவைக்கு முதலில் என் நன்றி. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சப்பாத்திக் கள்ளி. நாகதாளி என்றும் சொல்வோம். காட்டோரத்தில், சுடுகாட்டு வேலியில், ரயில் பாதையின் ஓரத்தில் இதைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். இதன் பழத்தைத் தின்று நாக்கும் உதடும் சிவக்க வீடு திரும்பியவர்களும் இங்கே பலர் இருப்பீர்கள்.

இந்தச் செடியைச் சிலர் சனியன் என்கிறார்கள். சிலர் சஞ்சீவி என்கிறார்கள். நான் இரண்டையும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன். எந்தக் கள்ளி? இந்தக் கேள்வியைக் கேட்ட நாடுகள் பிழைத்தன. கேட்காத நாடுகள் அதற்கு விலை கொடுத்தன. அந்தக் கதைகளைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், இது நம்முடைய செடியா? இல்லை. பாலை நிலத்தைப் பாடிய நம் பழம்புலவர்கள் கள்ளியைச் சொன்னார்கள். அது வேறு கள்ளி. சதுரக் கள்ளியை ஒடித்துப் பாருங்கள், பால் வடியும். திருகு கள்ளியை ஒடித்துப் பாருங்கள், பால் வடியும். சப்பாத்திக் கள்ளியை ஒடித்தால் பால் வராது. வழவழவென்று கொழகொழப்பான சாறு வரும். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். வறட்சிக்குத் தாக்குப்பிடிக்க வேண்டிய கட்டாயத்தில் இரண்டும் ஒரே மாதிரி உருவம் கொண்டன, அவ்வளவுதான். சப்பாத்திக் கள்ளி இனங்கள் அத்தனைக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். கொலம்பஸ் 1492-இல் கடல் கடப்பதற்கு முன்னால் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இதை ஒருவரும் கண்டதில்லை.

அன்பர்களே, அடுத்த முறை ஒரு கள்ளிப் புதரைக் கண்டால் அருகே போய் நில்லுங்கள். கை வைக்காமல் கண்ணை மட்டும் வையுங்கள். தட்டையாகச் சப்பாத்தி போல இருக்கிறதே, அது இலை அல்ல, தண்டு. அப்படியானால் இலை எங்கே? புதிதாகத் துளிர்த்த இளம் மடலைப் பாருங்கள். சின்னஞ்சிறு கொம்பு போல, சதைப்பற்றோடு, வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவைதாம் இலைகள். சில வாரங்களில் உதிர்ந்துவிடும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணிலிருந்துதான் முள் வரும், பூ வரும், அடுத்த மடலும் வரும்.

அந்தக் கண்ணில் இரண்டு வகை முள் உண்டு. பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். அதன் அடியில் மஞ்சளாக, பழுப்பாக, பஞ்சு போல ஒரு கொத்து இருக்கும். அதுதான் சுணை. ஒவ்வொரு சுணையிலும் பின்னோக்கி வளைந்த நுண்ணிய கொக்கிகள் உண்டு. லேசாகத் தொட்டாலே நூற்றுக்கணக்கில் பெயர்ந்து தோலில் ஏறும், இழுத்தால் வராது. கள்ளியில் கை வைத்துவிட்டு இரண்டு நாள் அரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வலி தந்தது பெரிய முள் அல்ல, இந்தச் சுணைதான்.

பூத்திருக்கும் காலமென்றால் இன்னொன்றும் செய்து பாருங்கள். விரிந்த பூவின் நடுவே நிற்கும் மகரந்தத் தாள்களை ஒரு துடைப்பக் குச்சியால் மெல்லத் தொடுங்கள். அவை உள்நோக்கி வளைந்து சூல்முடியைச் சூழ்ந்துகொள்ளும். தேனீ நுழைந்தாலும் அப்படியே நடக்கும். அசையாத முட்புதர் என்று நாம் நினைத்த செடி, தொட்டதை உணர்ந்து அசைகிறது!

அது மூச்சு விடும் முறையும் அதிசயம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும்; உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகும். கள்ளி வெயில் நேரத்தில் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவின் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி உள்ளே வைத்துக்கொள்கிறது. பொழுது விடிந்ததும் அதை எடுத்து வெயிலில் உணவு ஆக்குகிறது. அதனால்தான் விடியற்காலையில் அறுத்த மடல் புளிக்கும், மாலையில் அறுத்ததில் புளிப்புக் குறையும். மெக்சிகோவில் மடலைக் காய்கறியாகச் சமைக்கும் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, இனங்களுக்கு வருவோம். 150-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு என்கிறார்கள் அறிஞர்கள். துல்லியமான எண்ணிக்கையில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஏன்? இந்தச் செடிகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்து புது வகைகளைத் தருகின்றன. கீழே விழுந்த ஒரு மடல் வேர் விட்டுப் புதுச்செடி ஆகிறது. பழுக்காத காய் மண்ணில் விழுந்தால்கூடத் துளிர்க்கிறது. ஏனென்றால் காயின் வெளிப்புறமும் தண்டின் பகுதியே. கலப்பில் பிறந்த ஒரு செடி விதையே இல்லாமல் ஒரு வட்டாரத்தையே நிரப்பிவிட முடியும்.

கள்ளி என்றால் பாலைவனம் என்று நினைக்கிறோம். கனடாவின் பனி விழும் சமவெளியில் ஒரு கள்ளி வாழ்கிறது என்றால் நம்புவீர்களா? ஒபன்ஷியா ஃபிராஜிலிஸ் என்பது அதன் பெயர். விரல் நீளமே உள்ள மடல்கள். தொட்டால் ஒடிந்து, கடந்து போகும் விலங்கின் மயிரில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹ்யூமிஃபியூசா என்றொரு கள்ளி உண்டு. குளிர்காலம் வருமுன் தன் உடம்பிலிருந்து நீரைக் குறைத்துக்கொண்டு, சுருங்கித் தரையோடு படுத்துவிடும். உறைபனி அதைக் கொல்லாது. வசந்தம் வந்ததும் நிமிர்ந்து எழும்.

கலபகோஸ் தீவுகளுக்குப் போங்கள். அங்கே கள்ளி மரமாகவே நிற்கிறது! சாண்டா குரூஸ் தீவில் 10 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, செம்பழுப்புப் பட்டையோடு அடிமரம் கொண்டு நிற்கும் சப்பாத்திக் கள்ளியைப் பார்க்கலாம். பேராமைகள் மேயும் தீவுகளில் உயர்ந்து நிற்கிறது. ஆமைகள் இல்லாத சில தீவுகளில் அதே குடும்பத்துக் கள்ளி தரையோடு புதராக இருக்கிறது. அதன் பூவையும் பழத்தையும் நம்பியே கள்ளிக்குருவி என்ற ஒரு பறவையினம் அங்கே வாழ்கிறது. அந்தத் தீவில் கள்ளியை வெட்டினால் அந்தக் குருவி பட்டினி கிடக்கும்.

ஆகவே நண்பர்களே, கள்ளி நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், நான் உங்களைத் திருப்பிக் கேட்பேன். எந்தக் கள்ளி? எந்த மண்ணில்?

மெக்சிகோவில் இந்தக் கேள்விக்கு மக்கள் வாழ்க்கையே விடை சொல்கிறது. 1325-இல் அஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரை எங்கே அமைத்தார்கள்? கள்ளியின் மேல் கழுகு அமர்ந்த இடத்தில் என்கிறது அவர்களுடைய மரபுக் கதை. இன்றைக்கும் மெக்சிகோவின் தேசியக் கொடியின் நடுவில் அந்தக் கள்ளி நிற்கிறது. மடலைச் சுணை சீவி நறுக்கிச் சமைக்கிறார்கள். பழத்தைக் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள். ஒபன்ஷியா ஃபிக்கஸ் இண்டிகா என்ற இனத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, முள் குறைந்த, பழம் பெருத்த பயிராக ஆக்கியவர்கள் அந்த உழவர்கள்.

அந்தக் கள்ளியின் மேல் அவர்கள் இன்னொன்றையும் வளர்த்தார்கள். ஒரு பூச்சி. மடலில் வெள்ளைப் பஞ்சு அப்பினாற்போல ஒட்டிக்கொண்டிருக்கும். விரலில் வைத்து நசுக்கினால் குருதிச் சிவப்பு! அதுதான் கொச்சினீல் பூச்சி. காய்ந்த பூச்சி ஒரு பவுண்டு எடை வர ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பெயினின் கருவூலத்துக்கு வெள்ளிக்கு அடுத்தபடியாகப் பணம் கொட்டியது இந்தச் சிவப்புச் சாயம். மன்னர்களின் அங்கி, மதகுருக்களின் ஆடை, ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு, எல்லாவற்றிலும் இந்தப் பூச்சியின் நிறம்தான். இதன் ரகசியத்தை ஸ்பெயின் கட்டிக் காத்தது. மற்ற நாடுகள் ஏங்கின.

அந்த ஏக்கம் எங்கே வந்து நின்றது தெரியுமா? நம் சென்னைப் பட்டணத்தில்! கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இங்கே இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786 முதல் இந்தச் சாயப் பூச்சியைப் பற்றி லண்டனில் இருந்த தாவரவியல் அறிஞர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று போட்டார். பல இடங்களிலிருந்து கள்ளி வகைகளைத் தருவித்து நட்டார். அவருடைய உடன்பிறந்தார் மகன் ஆண்ட்ரூ பெர்ரி அந்தத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டார். கள்ளி தயார். பூச்சி வேண்டுமே? 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இருந்து பூச்சிகளைக் கப்பலில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் வந்தது வேறு பூச்சி! மெக்சிகோவின் உயர்ந்த சாயப் பூச்சி வேறு. பிரேசிலில் இருந்து வந்த இந்தக் காட்டுப் பூச்சி வேறு. சாயம் மட்டமாக இருந்தது. வணிகம் தேறவில்லை. அந்தப் பூச்சி வேறொரு வேலையைச் செய்தது. அன்று இந்தியாவில் பரவியிருந்த மோனகாந்தா என்ற கள்ளி இனத்தை உறிஞ்சி உறிஞ்சிக் கொன்றது. வடக்கே புதர் புதராகக் கள்ளி அழிவதைக் கண்டார்கள். 1836-க்கும் 1838-க்கும் இடையில், கள்ளியை ஒழிப்பதற்கென்றே அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1860-களில் அது இலங்கைக்கும் போனது. களையை ஒழிக்க ஒரு பூச்சியை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்டு வெற்றி கண்டது, உலகில் அதுவே முதல் முறை. உயிரியல் கட்டுப்பாடு என்று இன்று பாடப்புத்தகங்களில் படிக்கிறீர்களே, மாணவர்களே, அதன் முதல் அத்தியாயம் நம் மண்ணில் எழுதப்பட்டது.

கதை அத்தோடு முடிந்ததா? முடியவில்லை. வேறொரு கள்ளி இனம் தென்மாவட்டங்களில் பரவியது. ஸ்டிரிக்டா என்று அதற்குப் பெயர். மஞ்சள் பூவும் சிவந்த பழமும் கொண்டு இன்று நம் கண்ணில் அதிகம் படுவது இதுதான். பழைய பூச்சியை இதன் மேல் விட்டால் போதாதா? போதாது. அந்தப் பூச்சிக்கு இந்தக் கள்ளி ஆகாது. கள்ளி வேறு, அதை உண்ணும் பூச்சியும் வேறு. 1926-இல் வட அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு கொச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் பெரும் பரப்பில் கள்ளி கருகிச் சாய்ந்தது. மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் மீண்டன. ஊர்ப்புறங்களில் கள்ளி முன்போல் அடர்ந்து கிடக்காததற்குக் காரணம் அந்தச் சிறு பூச்சி.

இனி கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். 1788-இல் முதல் ஆங்கிலேயக் குடியேறிகளின் கப்பல்களே சாயத்துக்காகக் கள்ளியைக் கொண்டுபோயின. பிறகு வேலிக்காக, தீவனத்துக்காக வேறு இனங்களும் போயின. அவற்றில் ஸ்டிரிக்டா கட்டுக்கு மீறியது. பறவை பழத்தைத் தின்று விதை பரப்பியது. வெள்ளம் மடலை அடித்துக்கொண்டு போய் நட்டது. வெட்டினார்கள், ஒவ்வொரு துண்டும் முளைத்தது. ஆர்சனிக் நஞ்சைத் தெளித்தார்கள், நிலத்தின் விலையைவிட நஞ்சின் விலை கூடியது. 1920-களின் நடுவில் 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேர் நிலம் கள்ளியின் பிடியில்! நம் தமிழ்நாட்டின் பரப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. குடும்பங்கள் வீட்டை விட்டு, பண்ணையை விட்டு வெளியேறின.

என்ன செய்தார்கள்? படித்தார்கள். ஜான்ஸ்டன், டிரையன் என்ற இரு அறிஞர்களை 1912-இல் உலகைச் சுற்றி வர அனுப்பினார்கள். அவர்கள் நம் பகுதிக்கும் வந்தார்கள். இங்கே மோனகாந்தாவை அழித்த அதே பூச்சி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போய், அங்கேயும் மோனகாந்தாவை அழித்தது. ஸ்டிரிக்டா மட்டும் மிஞ்சியது. அதற்கு ஏற்ற எதிரியைத் தேடி, அர்ஜென்டினாவில் காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கண்டார்கள். அதன் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு முள்ளைப் போலவே நீட்டிக்கொண்டிருக்கும். பொரிந்த புழுக்கள் கூட்டமாக ஒரே துளை வழியே மடலுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்னும். மடல் வெறும் தோலாகித் தொங்கும். 1925-இல் ஆலன் டாட் என்ற ஆய்வாளர் அனுப்பியவை ஏறத்தாழ 3,000 முட்டைகள். அவற்றைப் பெருக்கி, வேறு பயிரைத் தொடுகிறதா என்று சோதித்த பிறகே 1926-இல் வெளியில் விட்டார்கள். 1930-களின் தொடக்கத்துக்குள் கள்ளிக்காடு இடிந்து விழுந்தது. போனார்கா என்ற ஊர் மக்கள் 1936-இல் ஒரு பொது மண்டபம் கட்டி அந்தப் பூச்சியின் பெயரையே சூட்டினார்கள்.

கேட்க இனிக்கிறது, இல்லையா? இதே பூச்சி வைத்தியம் எல்லா ஊருக்கும் நல்லதுதானே என்று தோன்றுகிறது, இல்லையா? அப்படியானால் மடகாஸ்கரின் கதையைக் கேளுங்கள்.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரின் தென்கோடிக்குக் கள்ளியைக் கொண்டுவந்தார்கள். எந்தக் கள்ளி? அதே மோனகாந்தா. மழை பொய்க்கும் அந்த வறண்ட நாட்டில் அந்தாந்த்ரோய் மக்கள் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். ஊருக்கு வேலி கள்ளி. கோடையில் மாட்டுக்குத் தீவனம் கள்ளி. முள்ளை நெருப்பில் பொசுக்கிவிட்டு மாட்டின் முன்னே போடுவார்கள். மடலிலுள்ள நீரே மாட்டுக்குத் தண்ணீர். பஞ்ச காலத்தில் மக்களுக்குச் சோறு கள்ளிப்பழம். படையெடுத்து வந்த பிரெஞ்சுச் சிப்பாய்களைத் தடுத்து நிறுத்திய கோட்டைச் சுவரும் கள்ளி. 1924-இல் கொச்சினீல் பூச்சி அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் அது தெற்கே பரவியது. கள்ளி அழுகிச் சாய்ந்தது. மாடுகள் செத்தன. பஞ்சம் வந்தது. மக்கள் மடிந்தார்கள், பிழைத்தவர்கள் கூலி தேடித் தோட்டங்களுக்குப் போனார்கள்.

எண்ணிப் பாருங்கள், பெரியோர்களே! மோனகாந்தா செத்தபோது குயின்ஸ்லாந்து உழவர் சிரித்தார். அதே மோனகாந்தா செத்தபோது மடகாஸ்கர் உழவர் அழுதார். செடி ஒன்று. பூச்சி ஒரே வகை. ஆனால் அதை நம்பி யார் வாழ்கிறார்கள் என்பது வேறு. அதைக் கேளாமல் எடுத்த முடிவு ஒரு வட்டாரத்தையே பட்டினி போட்டது.

ஆஸ்திரேலியாவைக் காப்பாற்றிய அந்த அந்துப்பூச்சியும் அத்தோடு நிற்கவில்லை. 1957-இல் அதைக் கரீபியத் தீவுகளில் விட்டார்கள். அது தீவுக்குத் தீவு தாவி 1989-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை எட்டியது. 2006-இல் மெக்சிகோவின் கடலோரத் தீவு ஒன்றில் காணப்பட்டது. கள்ளியையே கொடியில் ஏந்திய நாட்டின் வாசலில் கள்ளிக்கொல்லி! மெக்சிகோ அரசு உடனே களம் இறங்கி, செடி செடியாகத் தேடி அங்கே அதை ஒழித்தது.

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறேன்? கள்ளி மறுபடியும் நம் வாசலுக்கு வருகிறது. 2017-இல் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண் அமைப்பு, வறண்ட நிலங்களுக்கு ஏற்ற பயிர் என்று இதை முன்னிறுத்தியது. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் விளைச்சலுக்கு முந்திய பசிக்காலத்தைக் கள்ளிப்பழத்தைத் தின்று கடக்கும் குடும்பங்கள் உண்டு. இத்தாலியின் சிசிலியில் முதல் பூக்களை வேண்டுமென்றே உதிர்த்துவிட்டு, இரண்டாம் முறை பூக்க வைத்து, இலையுதிர் காலத்தில் பெரிய பழங்களை அறுக்கிறார்கள். இந்தியாவிலும் முள்ளில்லாக் கள்ளியைத் தீவனமாக வளர்க்க ஆராய்ச்சி நிலையங்கள் வழிகாட்டுகின்றன. நான் இதை வரவேற்கிறேன். மழை பொய்த்த ஆண்டில் அடிமாட்டு விலைக்கு மாட்டை விற்கும் உழவருக்கு ஒரு பிடி பசுந்தீவனம் பெரிய துணை. மடலில் பெரும்பங்கு தண்ணீர், புரதம் குறைவு; ஆகவே வைக்கோலோடும் பிற தீவனத்தோடும் கலந்துதான் கொடுக்க வேண்டும்.

வரவேற்கும்போதே எச்சரிக்கிறேன். சீமைக் கருவேலத்தையும் நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தோம். முள்ளில்லாக் கள்ளியின் விதையிலிருந்து முள்ளுள்ள கன்றும் முளைக்கும். ஆப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் யானையும் குரங்கும் பழத்தைத் தின்று ஸ்டிரிக்டாவைக் காடு முழுக்க விதைத்தன.

இன்னொன்று. இந்தப் பழத்தைத் தின்றால் ரத்தம் ஊறும் என்ற பேச்சு இப்போது பரவிக் கிடக்கிறது. பழத்தின் சிவப்பு, பீட்ரூட்டில் உள்ள அதே வகை நிறமி. சிறுநீர் சிவந்து போவதும் அந்த நிறமியால்தான். பழத்தில் சத்து உண்டு, சுவை உண்டு, தாராளமாக உண்ணுங்கள். சோகை என்றால் மருத்துவரிடம் போங்கள். சுணையை முழுக்கத் தேய்த்து நீக்கித் தோலை உரிக்காமல் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். தொண்டையில் ஏறிய சுணையை எடுப்பது எளிதல்ல.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். உழவர் பெருமக்களே, முள்ளில்லாக் கள்ளியை நடுவதானால் ஆராய்ச்சி நிலையத்தில் இனம் கேட்டு வாங்குங்கள். சொந்த வயலுக்குள் நடுங்கள். ஓடையோரத்திலும் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் வேண்டாம். கழித்த மடலை வாய்க்காலில் வீசாதீர்கள். அதிகாரிகளே, ஒரு செடியைக் கொண்டுவருவதானாலும் ஒழிப்பதானாலும், அதை நம்பி வாழும் ஆடு மேய்ப்பவரிடம் முதலில் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரில் எந்தக் கள்ளி எங்கே நிற்கிறது, அதன் மேல் வெள்ளைப் பஞ்சு போலப் பூச்சி இருக்கிறதா, யார் அதன் பழத்தைத் தின்கிறார்கள் என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஆளுக்கு ஓர் ஊர் எடுத்துக்கொண்டால் இந்த மாவட்டத்தின் கள்ளிக் கணக்கு நம் கையில் வந்துவிடும். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள்.